சின்னக்காவுக்கு, கனடா ஸ்காபரோவிலிருந்து

ஒக்டோபர் 2025

அன்புள்ள சின்னக்கா,

நான் சுகம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் எப்படி? இங்கே குளிர் தொடங்கிவிட்டது, தடித்த ஜக்கெற் இன்னும் தேவைப்படவில்லை. வெயர்ஹவுஸில் அதே இரவு வேலைதான். விடிய வந்து பேஸ்மென்ற் அறையில் படுத்தால் மேல்வீட்டுப் பிள்ளை என் தலைக்கு மேலே ஓடத் தொடங்கும். அகதி வழக்குக்குத் திகதி வரவில்லை, அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

பேப்பர் பார்ப்பதையே விட்டுவிட்டேன் என்று போனில் சொன்னீர்கள். போன நவம்பர் தேர்தலில் தெற்குக் கட்சி ஒன்று யாழ்ப்பாணத்திலேயே முதலாவதாக வந்தபோது, இந்த முறை ஏதாவது மாறும் என்று என்னோடு சண்டை பிடித்த ஆள் நீங்கள். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் அசையவில்லை. யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியிலோ கிண்டக் கிண்ட எலும்புக்கூடுகள், 200ஐத் தாண்டிவிட்டது. நூற்றுக்கணக்கில் புதைத்திருக்கிறது என்று பள்ளி மாணவி கிருஷாந்தியைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாய் 1998இலேயே சொல்லிவிட்டான், அடுத்த வருடம் 15 உடல்களை எடுத்ததோடு சரி, இப்போது சுடலையில் கட்டட வேலைக்குக் கிண்டப் போய்த்தான் மிச்சம் தெரிய வந்தது. தேடி எடுத்ததுகூட இல்லை! பிள்ளையின் எலும்போடு கிடந்த அந்த நீலப் பள்ளிக்கூடப் பை படத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் பார்த்தேன். அன்றைக்குச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது.

ஆனால் நான் வாசிப்பதை விடவில்லை. அதற்குக் காரணம் சொன்னால் சிரிப்பீர்கள்: மீன். மோர்னிங்சைட் பூங்காவுக்குள் ஹைலாண்ட் கிரீக் என்றொரு ஓடை, நம்மூர் வெள்ளவாய்க்கால் அளவுதான் இருக்கும். இந்த நாட்களில் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சால்மன் மீன்கள் முட்டை போட அதில் ஏறி வரும். ஒவ்வொன்றும் என் கை நீளம். தண்ணி காணாத இடத்தில் முதுகு வெளியே தெரிய, கல்லில் வயிறு உரச உரசப் போகும், வால் தேய்ந்து வெள்ளையாகியிருக்கும். ஏற முடியாவிட்டால் கரை நிழலில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிட்டுத் திரும்பவும் பாயும். ஒன்று ஏறினதும் பக்கத்தில் நின்ற சீனத்து அம்மா கை தட்டினா, நானும் தட்டினேன். ஊருக்குத் திரும்பும் மீன் என்று உடனே ஒரு கதை கட்ட வேண்டாம். முட்டை போட்டதும் அதுகள் செத்துப்போகும், அதோடு இந்த இனமே பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்டதுதான்.

இப்படி ஒன்றையும் பார்க்காமல் செய்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கும் கடைசியில் உங்களைப் போலச் செய்தியும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. இப்போது வேலை முடிந்து நேரே பஸ் எடுத்து ஓடைக்குப் போய் அரை மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தால், பேப்பரை முழுக்க வாசிக்க முடிகிறது.

ஓகஸ்டில் செம்மணியில் கிண்டி எடுத்த உடுப்புகளைக் காட்டினபோது மாமி போய் மகனுடையது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்து, பின்னேரம் மல்லிகைக்குத் தண்ணி ஊற்றினா என்று சொன்னீர்களே, கல்மனசுக்காரி என்கிற மாதிரி. எனக்கு அப்படிப் படவில்லை. இன்னொரு நாள் காட்டினாலும் மாமி போவா.

சால்மன் வீடியோவை வாட்ஸப்பில் அனுப்புகிறேன், மாமிக்கும் காட்டுங்கள். ஒன்றைப் பிடித்துக் குழம்பு வைத்தால் என்ன என்று கட்டாயம் கேட்பா. லைசென்ஸ் இல்லாமல் தூண்டில் போட்டால் தண்டம் கட்ட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

தம்பி