சுகர் டெஸ்டுக்கு நாள் வாங்கிட்டியா?

கண்ணம்மா,

குட்டி தூங்குறப்ப படி. போன்ல சொன்னா சரிம்மா சரிம்மான்னு வச்சிடுற, அதான் எழுதுறேன். கர்ப்பத்துல வந்த சுகர் டெலிவரி ஆனதுமே நார்மல் ஆயிடுச்சு, இனிமே ஒண்ணும் இல்லன்னு நீ சொன்னதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல.

நஞ்சுக்கொடில சுரக்குற ஹார்மோன்தான் இன்சுலின வேலை செய்ய விடாம பண்ணுது, அது வெளிய வந்ததும் சுகர் இறங்கிடும், வாஸ்தவம்தான். ஆனா அந்த பாரத்த தாங்க முடியாம போன கணையம், அந்த இன்சுலின சுரக்குறது, அது உள்ளதானே இருக்கு.

1993ல நீ பொறந்தப்ப நாலு கிலோ நூறு கிராம். வார்டே வந்து பாத்துட்டு போச்சு, பாட்டி மொளகா சுத்தி போட்டாங்க, எனக்கும் பெருமை தாங்கல. தாய்க்கு சுகர் இருந்தாலும் புள்ள அப்படி பெருசா பொறக்கும்னு ஒருத்தரும் சொல்லல, ஒரு டெஸ்ட்டும் எடுக்கல. பத்து வருஷம் கழிச்சு செருப்பு வார் உரசி கட்டவிரல்கிட்ட ஒரு புண்ணு, மஞ்சள் வச்சேன், ஆயின்மெண்ட் போட்டேன், ஒன்றரை மாசமா ஆறவே இல்ல, அப்பறம் ரத்தம் எடுத்தா சுகர் 310. சென்னைல சுகருக்கு பாக்குற சேஷையா டாக்டர் மாதிரி ஆளுங்க விடாம சொல்லிச் சொல்லி, 2007லதான் இங்க எல்லா கர்ப்பிணிக்கும் சுகர் பாக்கணும்னு கவர்மெண்ட் ஆர்டரே வந்துச்சு. உனக்கு வயித்துல புள்ள இருக்கறப்பவே கண்டுபிடிச்சு சொல்லிட்டாங்க, அத வீணாக்கிடாதடி.

அங்க இங்கிலாந்துல டெலிவரி ஆகி ஆறு வாரத்துலேர்ந்து பதிமூணு வாரத்துக்குள்ள வெறும் வயித்துல பாக்கணும்பாங்க, அப்பறம் வருஷம் ஒரு தடவை ஹெச்பிஏ1சி, அதான் ரெண்டு மூணு மாச சுகர் சராசரிய காட்டுற ரத்த டெஸ்ட். உனக்கு இது ஆறாவது வாரம். நான் குடுத்தனுப்புன லேகியத்துல பாதி வெல்லம்தான், ஆசையா கிண்டுனேன், யோசிக்கல, ரிசல்ட் வர்ற வரைக்கும் அத தொடாத.

வைட்டமின் டி 22னு சொன்னியே, அங்க நானோமோல் கணக்குல 25க்கு கீழ போனாலே குறைபாடு. அது கம்மியா இருக்கறவங்களுக்கு கர்ப்பத்துல சுகர் கூடுதலா வருதுன்னு ஆராய்ச்சிங்கள்ல பாத்திருக்காங்க, ஆனா டி மாத்திரை போட்டா சுகர் போயிடும்னு யாராவது சொன்னா நம்பாத, அது வேற இது வேற. எலும்புக்கும் தசைக்கும் அது வேணும், அதனால டாக்டர் எழுதிக் குடுத்தத விடாம போடு. மான்செஸ்டர்ல இந்த குளிர்காலத்து வெயில்ல ஒண்ணும் கிடைக்காது, நீ ஜன்னலோரம் உக்காந்து பால் குடுக்கறேன்னு சொன்னியே, தோல்ல டி உண்டாக்குற கதிர் கண்ணாடி வழியா வரவே வராது. டாக்டர் குடுத்தது முடிஞ்சாலும் நம்ம நிறத்துக்கு வருஷம் பூரா தினம் 10 மைக்ரோகிராம் போடணும்னுதான் அங்க சொல்றாங்க. இங்கேர்ந்து யாராவது 60,000 யூனிட் டி பாக்கெட் கொண்டாந்தா நீயா பிரிச்சு போட்டுக்காத.

தாய்ப்பால்ல டி ரொம்ப கம்மி, குட்டிக்கு சொட்டு மருந்து தினமும் விடுறியா? எட்டரைலேர்ந்து பத்து மைக்ரோகிராம், பாட்டில்ல எத்தனை சொட்டுன்னு போட்டிருக்கும், மாப்ளைய ஒரு தடவை படிச்சுப் பாக்கச் சொல்லு.

வியாழக்கிழமை அவருக்கு லீவுதானே, புள்ளைய அவர்கிட்ட குடுத்துட்டு போன் பண்ணி நாள் வாங்கு. கிடைச்சதும் எனக்கு அனுப்பு, இங்க நடுராத்திரியா இருந்தாலும் பரவால்ல, முழிச்சுதான் இருப்பேன்.

அம்மா