விளையாட்டு விற்கும் இணையக் கடைகளுக்கு: அப்டேட்டை எப்போது போடுவது என்பதை எங்களிடம் விடுங்கள்

கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் கடைக்காரர்களுக்கு வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன். தொண்டியில் தொடங்கி ஏர்வாடி வரைக்கும் இந்தக் கரையில் பல வீடுகளில் நெட் என்றால் செல்போன்தான். அதில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் ஆடுகிறோம். நாளுக்கு 1.5 ஜிபி பேக் வைத்திருப்பவனுக்கு 30 ஜிபி அப்டேட் ஒன்று வந்தால், வேறெதையும் தொடாமல் இருந்தாலும் 20 நாள் டேட்டா போச்சு. லேப்டாப்பைத் திறந்ததுமே கேட்காமல் இறக்க ஆரம்பித்தால், அன்றைக்கு வீட்டில் யாருக்கும் வாட்ஸ்அப் படம்கூடத் திறக்காது.

செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். ஸ்டீம் என்ற கடையில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் வழி இருக்கிறது, சரி: தானாக அப்டேட், திறக்கும்போது மட்டும் அப்டேட், உடனே அப்டேட். 'இப்போதைக்கு வேண்டாம்' என்பது மட்டும் இல்லை. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகுக்குப் போகும் பையன்களுக்கு நிம்மதியாக ஆட நேரம் வருவதே அப்போதுதான். ராத்திரி உட்கார்ந்தால், தனியாளாக ஆடும் விளையாட்டு, நெட்டே தேவைப்படாதது, முதலில் அப்டேட்டை முடி என்று நிற்கும். நேற்று ஓடிய பதிப்பு டிஸ்க்கில்தான் இருக்கிறது. அதை ஏன் ஓடவிடக் கூடாது?

அப்டேட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வேண்டும். ஆன்லைனில் சேர்ந்து ஆடுகிறவர்கள் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும். ஆனால் சில அப்டேட் இருப்பதையும் எடுத்துக்கொண்டு போகிறது. 2018-இல் ஜிடிஏ 4 என்ற விளையாட்டில் உரிமம் முடிந்த பாட்டுகளை அப்டேட் வழியாகவே நீக்கினார்கள், என்றைக்கோ காசு கொடுத்து வாங்கியவனின் கணினியிலும் சேர்த்து. 2024 ஏப்ரலில் ஃபால்அவுட் 4 என்ற விளையாட்டுக்கு வந்த அப்டேட்டால் பல மோடுகள் (ரசிகர்களே செய்து சேர்க்கும் மாற்றங்கள்) வேலை செய்யாமல் போயின. அந்த ஏப்ரலில் வரவேண்டிய 'ஃபால்அவுட்: லண்டன்' என்ற பெரிய மோடு ஜூலைக்குத் தள்ளிப்போனது.

முடியாததைக் கேட்கவில்லை. ஜிஓஜி என்ற கடையின் கேலக்ஸி செயலியில் தானியங்கி அப்டேட்டை நிறுத்தலாம், பழைய பதிப்புக்கும் திரும்பலாம். அங்கே இன்ஸ்டாலரை, அதாவது விளையாட்டை நிறுவும் கோப்பை, தனியாக இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளவும் முடிகிறது. ஸ்டீமையும் ஒன்றுக்குப் பாராட்ட வேண்டும்: ஒரே வைஃபையில் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்து விளையாட்டை எடுத்துக்கொள்ளும் வசதியை 2023-இல் கொண்டுவந்தார்கள். ராமநாதபுரம் டவுனில் ஃபைபர் உள்ள வீட்டில் ஒருத்தன் லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு வந்தால் தெருவுக்கே ஆகும்.

ஆகவே, தனியாள் விளையாட்டுகளில் 'அப்டேட் செய்யாமல் ஆடு' என்று ஒரு பொத்தான் வையுங்கள். இறக்கும் முன்னால் எத்தனை ஜிபி, என்ன மாறுகிறது, எது போகிறது என்று காட்டுங்கள். மொபைல் டேட்டா என்று விண்டோஸில் குறித்து வைத்திருந்தால், கேட்காமல் தொடாதீர்கள். அடுத்த ஏப்ரல் 15-க்குள் செய்தால் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர்