சேர்ந்து பாடுவது ரத்தத்தில் வருவதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பீ ஜீஸ் என்ற பாப் இசைக் குழுவின் மூன்று சகோதரர்கள் பேர் வாங்குவதற்கு முன் பாடித் திரிந்த நாட்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை வாசித்தோம். 1958இல் மான்செஸ்டரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன குடும்பம். பிரிஸ்பேன் பக்கம் ரெட்கிளிஃப் பந்தயத் திடலில் பந்தயங்களுக்கு நடுவே மூன்று பையன்களும் பாட, கூட்டம் காசு எறிந்தது. எல்லாம் சரி. ஆனால் ஒரே ரத்தம் என்பதால் குரல்கள் ஒட்டிக்கொண்டன என்று முடித்தது போதாது. பாளையங்கோட்டை, நாசரேத் பக்கம் கொயர் (தேவாலயப் பாடகர் குழு) பழக்குகிறவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உச்சரிப்பு ஒன்று. அது பெரிய வசதிதான். சொல் முடிகிற இடத்தில்தான் சோதனை. ‘இதயம்’ என்று நீட்டும்போது ஒருவர் முந்தி உதட்டை மூடி ‘ம்’ போட, மற்றவர் ‘ய’விலேயே நின்றால், சுருதி சரியாக இருந்தும் பிசிறடிக்கும். எந்தத் தட்டில் வாய் மூடுவது என்று முன்பே பேசிவைக்க வேண்டும்.

மெயின் பாட்டோடு வேறு சுரத்தில் சேர்ந்து வரும் இரண்டாம் குரலுக்குச் சங்கராபரண ராகத்தில் தொடங்கலாம். அண்ணன் ச ரி க ம ப பாட, தம்பி க ம ப த நி. பாதி வழியில் தம்பி அண்ணனின் சுரத்துக்கே வழுக்கிப் போவான். அவன் வரியைத் தனிப்பாட்டாகவே மனப்பாடம் செய்யவைத்து, அப்புறம் சேர்க்க வேண்டும். அதுவரை மெயின் பாட்டை அவன் பாடவே கூடாது. சுரத்தை அசைத்துப் பாடும் கமகமும் வேண்டாம். ஒரு குரல் அசைந்தால் மற்றது ஒட்டாமல் தொங்கும்.

கீபோர்டைத் தட்டிக் காட்டிக் காந்தாரம் (க) பழக்குவது தவறு. சட்ஜத்தோடு (ச) இயல்பாக ஒட்டும் அந்தர காந்தாரம், அதாவது சங்கராபரணத்தில் வரும் க, சுர இடைவெளியை அளக்கும் சென்ட் கணக்கில் 386 சென்ட், கீபோர்டில் 400. அந்த 14 சென்ட் கூடுதலுக்குக் காது பழகிவிட்டால் குரல்கள் ஒன்றாகக் கூடி ஒலிக்கும் நிறைவு வராது. சுருதிப் பெட்டியில் ச, ப மட்டும் வைத்துப் பழக்குங்கள். கீபோர்டு கடைசியில் வரட்டும்.

சர்ச்சில் விருந்தோடு நடக்கும் அசனப் பண்டிகையோ, அம்மன் கோவில் கொடையோ, தெரு நெடுகக் குழாய் ஸ்பீக்கர் இருக்கும். 30 மீட்டர் தள்ளியுள்ள குழாயின் சத்தம் கிட்டத்தட்ட 0.09 வினாடி பிந்தி வரும். அதைக் கேட்டுப் பாடினால் தாளம் இழுக்கும். ஆளுக்கொரு மைக் கேட்காமல் ஒரே மைக்கைச் சுற்றி அரைவட்டமாக, தோளோடு தோள் உரச நிற்க வேண்டும். மெயின் குரல் ஒரு சாண் தூரத்தில், மற்றவர்கள் இரண்டு சாணில். அப்போதுதான் ஒருவர் குரல் ஒருவருக்கு நேராகக் கேட்கும். எக்கோவைக் குறைக்க மைக்செட்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பையன்களுக்குப் பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் குரல் உடையத் தொடங்கும். அப்போது மேல் ஸ்தாயியில் கத்தவிடாமல் கீழ்க்குரலுக்கு மாற்றுங்கள். மேடைக்காக அவனை வற்புறுத்துகிற பெற்றோரைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஒரு பழைய கீர்த்தனைக்கு மூன்று குரல்களையும் சுர எழுத்தில் நீங்கள் அச்சிட வேண்டும். நவம்பர் இதழிலேயே வந்தால் இந்த கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுப் பழக்கத்துக்கு உதவும்.

இப்படிக்கு,
கொயர் பயிற்றுநர்கள்,
பாளையங்கோட்டை