கடைசியாக நடந்து வந்த அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை ஹைலண்ட் கிறீக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் எங்கள் குழு நடை முடிந்து காரில் ஏறும்போது, "இனி நான் வரேல்லைப் பிள்ளை, என்னாலை எல்லாருக்கும் கரைச்சல்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த இடத்தில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். பொதுவில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு தடவை வந்துவிட்டு இதே வார்த்தையைச் சொல்லி நின்றுபோனவர்கள் இங்கே ரொறன்ரோவின் கிழக்கில், ஸ்காபரோவில் பலர். அவர்களும் வாசிக்க வேண்டும், நடைக்கு ஆட்களைச் சேர்ப்பவர்களும் வாசிக்க வேண்டும்.

உங்களால் ஒருவருக்கும் கரைச்சல் இல்லை அக்கா. நடை நடந்த முறைதான் பிழை.

பழைய கிங்ஸ்டன் வீதிக்குக் கிட்ட நடந்ததை நினைத்துப் பாருங்கள். முன்னுக்குப் போனவர்கள் நிழலில் இருந்து தண்ணீர் குடித்து, கச்சான் கொறித்து, ஊர்க்கதையும் கதைத்து முடித்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்ததும், "சரி, எல்லாரும் வந்தாச்சு, வெளிக்கிடுவம்" என்று எழும்பினார்கள். நீங்கள் போத்தல் மூடியைத் திறக்கவும் இல்லை. கெதியாக நடப்பவருக்கு நல்ல ஓய்வு, களைத்து வருபவருக்கு ஒன்றும் இல்லை. கேணல் டான்போர்த் பார்க்கிலும் இதுவேதான். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஜூலை வெயிலில், காற்றில் ஈரப்பதன் ஏறி முப்பது பாகை நாற்பதாகத் தெரிகிற நாளில், இது ஆபத்தான பழக்கம். எங்கள் குழுவில் பிரஷருக்கோ நீரிழிவுக்கோ குளிசை எடுக்காதவர்கள் குறைவு. வேர்வை நின்று தலை சுற்றத் தொடங்கும் ஆள் எப்போதும் கடைசியில்தான் இருப்பார், அவரைப் பார்க்கப் பின்னால் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அதனால் அடுத்த நடைக்குச் சிலவற்றை மாற்றச் சொல்லியிருக்கிறேன், ஒத்துக்கொண்டார்கள். ஆறுதலாக நடப்பவர் வரிசையில் இரண்டாவதாகப் போவார், முழுக் குழுவும் அவருடைய வேகத்தில் நடக்கும். பாதை தெரிந்த ஒருவர் கடைசியில் வருவார், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. பாதை பிரிகிற இடத்தில் எல்லாரும் வந்து சேரும்வரை நிற்க வேண்டும். ஓய்வு நேரம் கடைசி ஆள் வந்து இருந்த பிறகுதான் தொடங்கும். ஓடி ஓடி நடக்க வேண்டும் என்ற இளம் பிள்ளைகள் வேறொரு நாள் போகட்டும், அதிலும் பிழை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்னுக்கு வந்ததால் நாங்கள் கண்டவற்றை முன்னுக்குப் போனவர்கள் காணவே இல்லை. பாலத்துக் கம்பியில் ஓர் ஊசித்தும்பி வந்து இருந்ததே, பச்சை உலோகத்தில் செய்த உடம்பும் மைக்கறுப்பு இறகுமாக. இறகை மெல்ல விரித்தது, மூடியது, திரும்ப விரித்தது. நீங்கள் கையைக் கம்பியிலிருந்து எடுக்காமல் நின்றீர்கள். அப்புறம் கிலுகிலுப்பையை ஆட்டினது போலக் கத்திக்கொண்டு தண்ணீர் மேலாகப் பறந்தது ஒரு மீன்கொத்தி. "ஊரிலை இருக்கிறது இதைவிட வடிவு" என்றீர்கள். அது உண்மைதான், எங்கள் மீன்கொத்தியின் நீலம் இதற்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல வழுக்கையாறு மட்டும்தான், அதுவும் மாரியில் மட்டும். நடுக்கோடையிலும் ஓடுகிற தண்ணீரை நீங்கள் பார்த்துக்கொண்டே நின்றதை நான் கவனித்தேன்.

இவ்வளவு பெரிய நகரத்துக்குள்ளே இந்தப் பள்ளத்தாக்கில் ஏன் வீடு கட்டாமல் விட்டார்கள் என்று கேட்டீர்கள், நடக்கிற அவசரத்தில் நான் முழுதாகச் சொல்லவில்லை. 1954 ஒக்ரோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி ரொறன்ரோ மேல் கொட்டியது. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். மேற்கே ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். அதன் பிறகுதான் வெள்ளம் ஏறும் தாழ்நிலத்தில் குடியிருக்க விடக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். 1957இல் இந்தப் பகுதிக்கான ஆற்றுப் பாதுகாப்புச் சபை உருவானது, பள்ளத்தாக்கு நிலங்களை வாங்கிப் பூங்காக்களுக்கு விட்டார்கள். கோடையில் நாங்கள் மோர்னிங்சைட் பார்க்கில் கோழி வாட்டி, பிள்ளைகளை ஓட விட்டுவிட்டு மர நிழலில் இருப்பதெல்லாம் அந்த முடிவால் கிடைத்த இடத்தில்தான்.

ஆற்றின் குணம் மட்டும் மாறவில்லை. ஸ்காபரோவின் கூரைகளிலும் கார்த் தரிப்பிடங்களிலும் விழுகிற மழை மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் நேரே இதற்குள் வந்து விழுகிறது. 2005 ஆகஸ்ட் 19 மழையில் இந்தக் கிறீக் கரையை அரித்து, பெரிய கழிவுநீர்க் குழாயையே உடைத்தது. சப்பாத்து நனையாமல் கடக்கக்கூடிய தண்ணீர் ஒரு மணித்தியால இடிமழையில் ஆளை இழுக்கும். மழை எச்சரிக்கை இருந்தால் நடை இல்லை, அதில் விவாதம் வேண்டாம்.

உங்கள் முழங்காலுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். ஸ்காபரோ பல்கலைக்கழக வளாகத்திலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்க 2019இல் ஒரு பாதை திறந்தார்கள். ஏறக்குறைய 500 மீற்றர், வளைந்து வளைந்து மெல்லச் சரிகிறது, சக்கர நாற்காலியும் போகும். நடுவில் நின்று பார்க்க இடங்கள் உண்டு. படி இல்லை. இந்த முறை மோர்னிங்சைட் பார்க்கிலிருந்து அல்ல, அங்கிருந்து தொடங்குகிறோம். ஏரிவரை ஐந்து கிலோமீற்றர் அளவு. இடையில் பழைய கிங்ஸ்டன் வீதியில் கார் வந்து ஏற்றலாம், அதோடு நிறுத்துவதென்றாலும் நிறுத்தலாம். ஆனால் கடைசிவரை வந்தால் நல்லது. ரயில் பாதைக்குக் கீழால் வெளியே வந்ததும் ஒன்ராறியோ ஏரிக் காற்று முகத்தில் அடிக்கும், பள்ளத்தாக்கில் பட்ட வெக்கை முழுதும் அந்த இடத்தில் போய்விடும்.

ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறு, காலை எட்டு மணிக்கு. வெயில் ஏற முதல் பாதித் தூரம் முடிந்துவிடும். இரண்டு போத்தல் தண்ணீர், மருந்து, தொப்பி. இடியப்பமும் சம்பலும் வேறு ஆட்கள் கொண்டுவருகிறார்கள், நீங்கள் விடியவே எழும்பிச் சமைக்க வேண்டாம். நீளக் காற்சட்டை போட்டு, மேசுக்குள் செருகி விடுங்கள். கிழக்கு ரொறன்ரோப் புல்லில் உண்ணி இருக்கிறது, வீட்டுக்குப் போனதும் முழங்காலுக்குப் பின்பக்கம் பார்க்க வேண்டும். மூன்று இலை சேர்ந்த செடிகளில் கை வைக்காதீர்கள், நச்சுக்கொடியாக இருந்தால் ஒரு கிழமைக்கு அரிப்பு நிற்காது.

அந்தத் தேய்ந்த சப்பாத்தோடு மட்டும் வர வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் நான் காரோடு வருகிறேன், கடைக்குப் போய்ப் போட்டுப் பார்த்து வாங்குவோம். மாடியில் இருக்கும் மாமியும் வர விரும்பினால் அவவையும் கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
தங்கச்சி