இயன்றவரை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் நானும் நலம். போனில் பேசும்போது இதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 23 புனித ஜார்ஜ் நாள் அல்லவா, அதையொட்டி ஞாயிற்றுக்கிழமை உன் பழைய சாரணர் குழுவின் அணிவகுப்பு நடந்தது. கைக்கு ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள், போனேன். குழுவின் சின்னப் பிள்ளைகளான குருளையர்களுக்குக் கழுத்துத் துணியைச் சுருட்டி வளையம் மாட்டிவிடுகிற வேலை. ஒரு நிமிடம் நிற்கிறார்களா! இருபது பேருக்கு மாட்டி முடிப்பதற்குள் முதல் ஐந்து பேருக்கு அவிழ்ந்துவிட்டது.

வரிசையில் நிற்கும்போது ஒரு குருளையன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஜார்ஜ் நிஜமாவே டிராகனைக் கொன்றாரா?" என்று கேட்டான். அது பல நூற்றாண்டுகள் கழித்துச் சேர்ந்த கதை என்றேன். அவர் ரோமாபுரிப் படைவீரர் என்பார்கள். டயோக்ளீஷியன் பேரரசர் காலத்தில், 303-ஆம் ஆண்டு வாக்கில், விசுவாசத்தை விடமாட்டேன் என்று நின்றதால் கொல்லப்பட்டாராம். பழைய காலத்துக் குதிரை வீரர்கள் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டிருந்தார்கள். சாரணர்களும் அந்த வீரர்களைப் போல இருக்க வேண்டும் என்று நினைத்தார், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல். அவர் 1908-இல் எழுதிய புத்தகத்தில் அவரையே சாரணர்களுக்கும் பாதுகாவலர் என்று சொல்லிவைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பையன், "அப்போ அவர் ஜெயிக்கலையா?" என்றான். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

நடை முடிந்து எல்லோரும் நின்று உறுதிமொழியைப் புதுப்பித்தார்கள். மூன்று விரலை நிமிர்த்தி, சுண்டுவிரலைக் கட்டைவிரலால் மூட வேண்டும். வலியவன் எளியவனைக் காப்பதற்கு அது அடையாளம் என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். ஒரு சிறுமிக்குச் சுண்டுவிரல் அடங்கவே இல்லை. இடது கையால் அதை மடக்கி, கட்டைவிரலுக்கு அடியில் செருகிவிட்டு, அவசரமாகக் கையைத் தூக்கினாள். "என்னால் இயன்றவரை முயல்வேன்" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

எத்தனை வருடம் உன்னோடு வந்து அதைக் கேட்டிருக்கிறேன்! கடமை, உதவி, சட்டம் எல்லாம் காதில் விழுந்தது. 'இயன்றவரை' மட்டும் விழவில்லை. பிள்ளைகளிடம் அந்த இயக்கம் கேட்பதே அவ்வளவுதான். நான்தான் உன்னிடம் அதற்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நீ முதன்முதலாகக் கொடி பிடித்த வருடம் நினைவிருக்கிறதா? அன்று நல்ல காற்று. வளைவில் திரும்பும்போது கொடி சாய்ந்து, உன் கால் தப்பியது. ஓர் அடி, அவ்வளவுதான். அடுத்த அடியில் நீ சரிசெய்துகொண்டு, கடைசிவரை நேராகத்தான் போனாய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஓர் அடியைப் பற்றியே பேசினேன். நீ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்கு அடுத்த வருடம் கொடி வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். பரீட்சையை நீ காரணம் சொன்னாய், நானும் சரி என்று விட்டுவிட்டேன். காரணம் அதுவல்ல என்பது அப்போதே எனக்குத் தெரியும். தப்பு என்னுடையது, தம்பி. இத்தனை நாள் கழித்துச் சொல்கிறேனே என்று வருத்தப்படாதே.

அப்புறம் ஒரு விஷயம். கொடிக்கம்பத்தைத் தாங்குகிற தோல்வார் இன்னும் அதேதான். இந்த முறை அதைப் போட்டுக்கொண்ட பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், ஒல்லி. கடைசித் துளையில் மாட்டியும் கம்பத்தின் அடியைச் செருகுகிற கிண்ணம் முழங்கால்வரை தொங்கியது. வேறு வார் இருக்கிறதா என்று தேடினார்கள். நான் வாரைத் திருப்பிப் பார்த்தேன். கடைசித் துளைக்கும் அந்தப் பக்கம், கொஞ்சம் கோணலாக இன்னொரு துளை இருந்தது. நீ மெலிந்திருக்கிறாயே என்று அணிவகுப்புக்கு முதல் நாள் இரவு ஆணியைச் சூடாக்கி நான் போட்டது. நீ பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்தாய்.

அந்தப் பெண்ணுக்கு அது கச்சிதமாக இருந்தது.

அன்புடன்,
அப்பா