தைராய்டு ஆபரேஷனுக்குப் பின் கால்சியம் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் தைராய்டு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எடை கூடுவது, முடி கொட்டுவது, மாதவிலக்கு தள்ளிப்போவது எல்லாம் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆனால் தைராய்டை ஆபரேஷன் செய்து முழுவதும் எடுத்தவர்களுக்கு வரக்கூடிய கால்சியம் குறைவு பற்றி ஒரு வரிகூட இல்லை. அரசு மருத்துவமனையின் சர்ஜரி வார்டில் நெடுநாள் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். அந்தக் குறையை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

தைராய்டின் பின்பக்கத்தில் ஒட்டினாற்போல் பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. பெரும்பாலோருக்கு நான்கு, ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அளவுதான். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். உடம்பின் சூடு, இதயத் துடிப்பு, சாப்பிட்டது எரியும் வேகம் இவையெல்லாம் தைராய்டின் பொறுப்பு. பாராதைராய்டு பார்ப்பது ரத்தத்தில் உள்ள கால்சியத்தை. லேப் ரிப்போர்ட்டில் 8.5 முதல் 10.5 என்று போட்டிருப்பார்களே, அந்த அளவுக்குக் கீழே இறங்காமல் காப்பது அதுதான். கால்சியம் சற்றுக் குறைந்தாலும் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். சிறுநீரில் வெளியேறாமல் தடுக்கும். சிறுநீரகத்தில் வைட்டமின் டி முழுப் பலம் பெறச் செய்து, குடல் கால்சியத்தை உறிஞ்ச வழிசெய்யும்.

இந்த இரண்டு சுரப்பிகளும் சுரக்கும் ஹார்மோன்களின் ஆயுளில் பெரிய வித்தியாசம் உண்டு. தைராய்டின் டி4 ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் சுரப்பியை எடுத்தாலும் சோர்வும் முகவீக்கமும் தெரிய வாரக்கணக்கில் ஆகும். பாராதைராய்டு ஹார்மோனோ சில நிமிடங்களில் பாதியாகிவிடும். அது சுரப்பது நின்றால் இரண்டாம் நாள், மூன்றாம் நாளே கால்சியம் இறங்கிவிடுகிறது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, காயமும் சுத்தமாக இருந்து, வீட்டுக்குப் போகலாம் என்று பை கட்டும் நேரம் அது.

"சிஸ்டர், உதட்டைச் சுத்தி மதமதன்னு இருக்கு, விரல் நுனியெல்லாம் குறுகுறுங்குது" என்று ஒரு பெண் சொன்னால் நாங்கள் உடனே பிபி பார்க்கும் பட்டையைக் கையில் கட்டிக் காற்றேற்றி, மூன்று நிமிடம் அப்படியே வைத்துப் பார்ப்போம். கால்சியம் இறங்கியிருந்தால் மணிக்கட்டு மடங்கும். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போகும். மற்ற விரல்கள் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் கணவரோ அம்மாவோ, "பயத்துலதான் கை இழுக்குதுன்னு நெனச்சோம்" என்பார்கள். ட்யூட்டி டாக்டர் வந்து ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, கால்சியம் குளுக்கோனேட் ஊசியை மிக மெதுவாக ஏற்றுவார். வேகமாகப் போட்டால் இதயத் துடிப்பு பாதிக்கும் என்பதால் நாடியைப் பிடித்தபடி பக்கத்திலேயே நிற்க வேண்டும். மருந்து ஏற ஏற அந்த விரல்கள் தளர்ந்து விரியும்.

இதை ஆபரேஷன் செய்த டாக்டரின் குற்றம் என்று சொல்ல வரவில்லை. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அந்தச் சின்னச் சுரப்பிகளுக்குப் போகும் ரத்தம் குறைந்து, சில வாரங்களோ மாதங்களோ அவை வேலை செய்யாமல் போகலாம். அநேகம் பேருக்குத் திரும்பிவிடும். சிலருக்கு நிரந்தரமாகவே வராது. வார்டில் இருக்கும்வரை நாங்கள் பார்த்துக்கொள்வோம். வீட்டுக்குப் போன பிறகு?

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க ஆங்கிலம். காலையில் தைராய்டு மாத்திரை, கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை மூன்றையும் ஒன்றாகக் காபியோடு போட்டுக்கொண்டு வந்தார். கால்சியமும் இரும்பும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது. வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே தைராய்டு மாத்திரையைப் போட வேண்டும். கால்சியத்துக்கு அதிலிருந்து நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். யாரும் அவரிடம் சொல்லவில்லை. தைராய்டு ஹார்மோன் போதாவிட்டால் ரத்தத்தில் கூடும் டிஎஸ்எச் ஏறிக்கொண்டே போக, மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அப்புறம் கால்சியம் தீர்ந்தபோது, சத்து மாத்திரைதானே என்று வாங்காமல் விட்டுவிட்டார். ஒருநாள் கை கால் இழுத்துக்கொண்டு விழுந்தவரை, வலிப்பு என்று கையில் சாவியைத் திணித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தப் பரிசோதனையில்தான் விஷயம் தெரிந்தது.

"கேழ்வரகுக் கூழ் குடி, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. கேழ்வரகில் கால்சியம் ஏராளம்தான், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆனால் பாராதைராய்டு ஹார்மோன் இல்லாதபோது வைட்டமின் டி முழுப் பலம் பெறாது. சாப்பிட்ட கால்சியம் போதிய அளவு ரத்தத்தில் சேராது. கால்சியத்தோடு, முழுப் பலம் பெற்ற வைட்டமின் டியான கால்சிட்ரியால் என்ற மாத்திரையையும் எழுதிக் கொடுப்பது அதற்காகத்தான். அதே நேரம் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் சிறுநீரகக் கல் வரும். ஆகவே கூட்டுவதோ குறைப்பதோ ரத்தத்தில் கால்சியம் பார்த்த பிறகு டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

மருத்துவ உலகமே இந்தச் சுரப்பியைத் தாமதமாகத்தான் அறிந்தது. மனித உடலில் அதைக் கண்டு விவரித்து 1880-இல் எழுதியவர் சுவீடனைச் சேர்ந்த சாண்ட்ஸ்ட்ராம் என்ற மருத்துவ மாணவர். அந்தக் காலத்தில் கழுத்துக் கழலை ஆபரேஷன் செய்தவர்களுக்கு, நோயாளியின் கை ஏன் இழுக்கிறது என்றே தெரியாது. இன்று நமக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் நோயாளியை அனுப்புவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் கொஞ்சம் எழுதினால் போதும்: எந்த மாத்திரை எப்போது, எவ்வளவு இடைவெளி, உதடும் விரலும் மதமதத்தால் உடனே வர வேண்டும், அடுத்த கால்சியம் பரிசோதனை எந்தத் தேதியில். ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்துக்கொண்டால் எழுதும் வேலையும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு வீட்டுக்கு வரும் பணியாளர்கள், கழுத்தில் தழும்பு உள்ளவரைப் பார்த்தால் "கால்சியம் மாத்திரை இருக்கா, தீந்துபோச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். சுகாதாரத் துறை இதைக் கவனிக்க வேண்டும். தாங்களும் மருத்துவப் பக்கத்தில் பாராதைராய்டு பற்றி, அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரைக் கொண்டு விரிவாக எழுதவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுச் செவிலியர்,
கோவில்பட்டி.