சுரங்கம் அல்ல, தண்ணீர் போன வழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மூன்றாம் பக்கத்தில் "பழைமையான வீட்டுத் தோட்டத்தில் மர்மச் சுரங்கப்பாதை: மன்னர்கள் தப்பிச் செல்லப் பயன்படுத்தியதா?" என்ற தலைப்பில் வெளியான செய்தியில் குறிப்பிடப்படும் வீடு, தஞ்சாவூர் மேல வீதிக்குப் பின்புறம் உள்ள என்னுடைய வீடு. அச்செய்தியின் கடைசி வரியில், "வீட்டின் உரிமையாளருக்கு இதுபற்றிய விவரம் எதுவும் தெரியவில்லை" என்று தங்கள் செய்தியாளர் எழுதியிருக்கிறார். அந்த விவரம் தெரியாத உரிமையாளர்தான் அவருக்கு இரண்டு முறை காபி கொடுத்து, சித்திரை வெயிலில் ஒன்றரை மணி நேரம் கொல்லையில் நின்று, அளவுநாடாவைப் பிடித்துக் காட்டி, அது என்ன என்று ஆதியோடந்தமாக எடுத்துச் சொன்னவர். தம்பி அப்போது குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டுதான் இருந்தார். என்ன எழுதினார் என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எனக்குத் தெரிந்தது.

நடந்தது இவ்வளவுதான். கொல்லையில் பட்டுப்போன தென்னையின் தூரைப் பெயர்த்து எடுக்கும்போது, நாலரை அடி ஆழத்தில் கடப்பாரை செங்கல்லில் பட்டது. ஆட்களை நிறுத்திவிட்டு நானே மண்வெட்டியாலும் பிறகு கையாலும் மண்ணை விலக்கிப் பார்த்தேன். இரண்டு விரல் தடிமனுக்கு மேல் போகாத பழைய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்து வளைவாகக் கட்டிய கட்டுமானம் மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. ஓரிடத்தில் வளைவு உடைந்து, உள்ளே வண்டல் படிந்திருந்தது. சற்றுத் தள்ளி, கிணற்றைச் சிறியதாக்கினாற்போல ஒரு சதுரத் தொட்டி, அதன் வாயில் கல் மூடி. உள்ளே எடுத்த வண்டலில் நத்தை ஓடுகள் இருந்தன. சுரங்கத்தில் நத்தை எப்படி வாழும் என்று செய்தியாளரைக் கேட்டேன். சிரித்தார்.

உள்ளளவு அகலம் ஒன்றேகால் அடி. உயரம், வண்டலை முழுவதும் எடுத்த பிறகும், இரண்டடிக்கு ஓரங்குலம் குறைவு. இந்த வழியாக மன்னர் தப்பிச் சென்றார் என்றால், ஆசிரியர் அவர்களே, அவர் கீரிப்பிள்ளையாக இருந்திருக்க வேண்டும். பட்டத்தரசியும் பரிவாரமும் உடன் சென்றதாகத் தங்கள் செய்தியில் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

பெரிய கோயிலையும் சிவகங்கைக் குளத்தையும் தாங்கள் பார்த்திருப்பீர்கள். பெரிய கோயிலின் மழைநீர் சிவகங்கைக் குளத்தில் சேர்ந்ததும், முதல் தஞ்சை நாயக்கரான செவ்வப்ப நாயக்கர் பெயரால் வழங்கும் ஏரியில் தேங்கிய மழைநீர் தெளிந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக அதே குளத்துக்கு வந்ததும், அங்கிருந்து ஊருக்குள் இருக்கும் அய்யன்குளம் முதலிய குளங்களுக்குப் பூமிக்குள்ளேயே தண்ணீர் போனதும் இவ்வூரில் எவரும் சொல்லக்கூடிய செய்திகள். ஜலசூத்திரம் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. மின்மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் இல்லாத காலத்தில், நிலத்தின் சாய்வு ஒன்றையே நம்பி ஒரு நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்த ஏற்பாடு அது. சில ஆண்டுகளுக்கு முன் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் அய்யன்குளத்தைச் சீரமைத்தபோது அந்தப் பழைய நீர்வழியைத் துப்புரவு செய்து, சிவகங்கைக் குளத்துத் தண்ணீரை மீண்டும் அய்யன்குளத்துக்குக் கொண்டு வந்தார்கள். தங்கள் நாளிதழே அதைப் படத்தோடு வெளியிட்டுப் பாராட்டியது. அந்தத் தாளை நான் கத்தரித்து வைத்திருக்கிறேன், தங்கள் அலுவலகத்தில் இல்லாவிட்டால் நகல் எடுத்து அனுப்புகிறேன்.

என் வீட்டுக் கொல்லையில் இருப்பது அந்த முதன்மை வழிதானா, அதிலிருந்து பிரிந்த கிளையா என்பதை உரியவர்கள் அளந்து சொல்லட்டும். ஆனால் அது தண்ணீருக்காகக் கட்டியது என்பதற்கு எனக்குப் பல்கலைக்கழகச் சான்று தேவையில்லை. நான் பொதுப்பணித் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வரைவாளராக இருந்து, வாய்க்கால் மட்டம் வரைந்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். தங்கள் செய்தியாளர் முன்னிலையிலேயே இரண்டு குடம் தண்ணீரை உடைந்த வாயில் ஊற்றினேன். ஒரு நிமிடம் கூடத் தேங்காமல் கிழக்கே ஓடி மறைந்தது. அதைவிடப் பழைய சாட்சி எங்கள் கிணறு. என் சிறு வயதில் அய்யன்குளம் நிறைந்த வாரத்தில் எங்கள் கொல்லைக் கிணற்றில் இரண்டு உறை தண்ணீர் ஏறும். "குளம் வந்துடுத்து" என்று பாட்டி வாளியைக் குட்டைக் கயிற்றுக்கு மாற்றுவார். பிற்பாடு குளம் வறண்டது, கிணறும் வறண்டது, 1983இல் ஆழ்துளைக் கிணறு போட்டோம். இவ்வளவையும் சொன்னேன். இதில் ஒரு வரியாவது அச்சில் வந்ததா?

சுரங்கம் என்ற சொல்லின் மேல் நம்மவர்களுக்கு இருக்கும் மோகம் நான் அறியாததல்ல. பெரிய கோயிலிலிருந்து திருவையாற்றுக்குச் சுரங்கம் போகிறது என்று நான் பள்ளியில் படித்த நாளிலிருந்து கேட்டு வருகிறேன். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளுக்கு அடியில், மணலைத் துளைத்து, ஒரு சொட்டு ஊற்றும் உள்ளே இறங்காமல் அந்தச் சுரங்கத்தை வெட்டிய கொத்தனாரின் முகவரி கிடைத்தால் இன்றைய மெட்ரோ ரயில் பொறியாளர்களுக்கு உதவும். கதை பேசுவதில் குற்றமில்லை, திண்ணையில் நானும் பேசியிருக்கிறேன். ஆனால் நாளிதழ் திண்ணை அல்ல என்று எண்ணித்தான் மாதந்தோறும் சந்தா கட்டுகிறேன். சரஸ்வதி மகால் நூலகம் என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். தொல்லியல் கற்பிக்கும் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981 முதல் இதே ஊரில் இருக்கிறது. அங்கே ஒருவரைக் கேட்டிருக்கலாம். "மர்மம்" என்று எழுதுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, அந்த வசதி ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

செய்தி வந்த அன்று காலை ஏழு மணிக்கே வாசலில் கூட்டம். வீட்டில் உடல்நலமில்லாமல் படுத்திருக்கும் என் மனைவியின் அறைச் சன்னல் கொல்லைப் பக்கம் திறப்பது. அந்தச் சன்னலுக்கு வெளியே நின்று பதினைந்து பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். ஒருவர் மை போட்டுப் பார்த்து, ஏழு குடம் பொன் இருப்பதாகவும் அதற்கு நாகம் காவல் இருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். நான் கண்டதெல்லாம் ஒரு தேரை. செவ்வாய்க்கிழமை இரவு யாரோ சுவரேறிக் குதித்து, கல் மூடியை இரண்டாக உடைத்து, வளைவில் மேலும் மூன்றடி நீளத்தைப் பெயர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நூற்றாண்டுகளாக மண்ணின் பாரத்தைத் தாங்கிய வளைவு, தங்கள் தலைப்பை மூன்று நாள் தாங்கவில்லை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதைக்கூடத் தங்கள் செய்தி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுவரேறியவர்களில் ஒருவராவது யோசித்திருப்பார். நான் என் பங்குக்கு, கிடைத்த உடைந்த சுடுமண் குழாய்த் துண்டுகளையும் நத்தை ஓடுகளையும் பட்டியலிட்டு, செய்தி வருவதற்கு முன்பே கடிதம் எழுதிவிட்டேன்.

இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டியபோது, ஒப்பந்ததாரரின் ஆட்கள் இதே போன்ற செங்கல் வளைவை இயந்திரத்தால் உடைத்து, நடுவே குழாயைச் செருகி மூடினார்கள். இப்போது கொல்லையில் கண்ட வளைவை நேரே நீட்டினால் அந்த இடத்தில்தான் போய் முட்டுகிறது. அன்றைக்கே தங்களுக்குப் படத்தோடு கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை. இடமின்மை காரணமாக இருக்கலாம். அந்த வாரத்துத் தாளில் இரண்டு தலை ஆட்டுக்குட்டி பிறந்த செய்திக்கு நான்கு பத்தி இடம் இருந்தது என்பதை மட்டும் பணிவுடன் நினைவூட்டுகிறேன். இரண்டாம் சரபோஜியின் படத்தை வெளியிட்டு அதன் கீழே "நாயக்க மன்னர்" என்று அச்சிட்டபோதும் எழுதினேன். நாயக்கர் ஆட்சி 1673இல் முடிந்தது, சரபோஜி பட்டத்துக்கு வந்தது 1798இல் என்று ஒரே ஒரு அஞ்சலட்டை. அதற்கும் பதில் இல்லை. நான் எழுதும் கடிதங்களும் ஏதாவது சுரங்கத்துக்குள் போய்விடுகின்றனவோ என்று இப்போது ஐயம் வருகிறது.

சொல் எதுவாக இருந்தால் என்ன என்று தாங்கள் கேட்கலாம். சுரங்கம் என்றால் நான்கு நாள் வேடிக்கை பார்த்து, ஐந்தாம் நாள் "பாதுகாப்புக் கருதி" மணலைக் கொட்டி மூடுவார்கள். நேற்று ஓர் அலுவலர் வந்து அதைத்தான் சொன்னார், கையில் தங்கள் தாள் இருந்தது. தண்ணீர் போன வழி என்றால், அது எங்கிருந்து வருகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது, பக்கத்து வீட்டுக் கொல்லையில் இதன் தொடர்ச்சி உண்டா என்று அளக்க ஆள் வருவார். எனக்குத் தெரிந்து இந்த வரிசையில் இன்னும் நான்கு பழைய வீடுகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டை இடித்து அடுக்குமாடி கட்ட முன்பணம் கைமாறிவிட்டது. அடித்தளம் தோண்டும்போது அங்கேயும் கடப்பாரை செங்கல்லில் படும். கல்லைத் தூக்கி எறிந்துவிட்டுக் காங்கிரீட் ஊற்ற அரை நாள் போதும்.

இனி என் வேண்டுகோள். "சுரங்கப்பாதை" என்பதை "பழைய நிலத்தடி நீர்வழி" என்றும், "ஆள் நுழையக்கூடிய" என்பதை "ஒன்றேகால் அடி அகலமுள்ள" என்றும் திருத்தி, எந்த மூலையிலாவது ஒரு நான்கு வரி வெளியிட வேண்டுகிறேன். என் வீட்டைப் "பாழடைந்த" என்று எழுதியதைக் கூடத் திருத்த வேண்டியதில்லை. திண்ணையின் ஒரு தூண் சாய்ந்துதான் இருக்கிறது.

மற்றொன்று, என் தகப்பனார் 1956இல் கொல்லைக் கிணற்றருகே நின்று எடுத்துக்கொண்ட புகைப்படத்தைத் தங்கள் செய்தியாளர் "ஸ்கேன் செய்துவிட்டு மாலையே தருகிறேன்" என்று வாங்கிச் சென்றார். அந்தப் படத்தில் கிணற்றுக்குப் பின்னால் இப்போது உடைபட்ட கல் மூடி முழுதாகத் தெரிகிறது. வேறு பிரதி இல்லை. அதை அலுவலக உதவியாளர் எவரிடமாவது கொடுத்தனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன். பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை மட்டும் வேண்டாம், என் மனைவி உறங்கும் நேரம்.

இப்படிக்கு,
விவரம் தெரியாத வீட்டு உரிமையாளர்,
மேல வீதி, தஞ்சாவூர்